விர்ஜின் தீவுகள்ல அம்மா, பசங்களோட ஏழு ராத்திரி படகுல: படகுக்கு 5க்கு 3, கேப்டனுக்கு 5க்கு 5

முதல்லயே சொல்லிடறேன், குடும்பத்தோட கரீபியன்ல படகு சார்ட்டர், அதாவது வாடகைக்கு, எடுக்கறவங்க பெரிய படகுக்குக் காசு கூட்டாதீங்க, நல்ல கேப்டனுக்குக் கூட்டுங்க. எங்க கிட்ட இருந்த பட்ஜெட்ல ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னு இருந்துச்சு, 45 அடி கேட்டமரான் (ரெண்டு அடிப்பாகம் இருக்குற பாய்மரப் படகு) எடுத்து நானே ஓட்டறதா, இல்ல 40 அடி எடுத்து ஒரு நாளைக்கு 250 டாலர் குடுத்து கேப்டன் வச்சுக்கறதான்னு. எனக்கு செய்லிங் சர்டிஃபிகேட் இருக்கு, வீட்டுக்காரிக்கும் கயிறு இழுக்கத் தெரியும், ஆனா கூட வர்றது 68 வயசு அம்மா, நீச்சல் தெரியாது, முட்டி வலி வேற, அப்புறம் 12 வயசுப் பொண்ணு, 8 வயசுப் பையன். கேப்டன் வேணும்னு முடிவு பண்ணது வீட்டுக்காரிதான், இந்த ட்ரிப்ல எடுத்ததுலயே சரியான முடிவு அது.

போனது பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகள், ஏப்ரல் கடைசி வாரம். பேருதான் பிரிட்டிஷ், செலவாகுற காசு அமெரிக்க டாலர், ரோட்டுல வண்டி போறது இடது பக்கம். கரீபியன்ல எத்தனையோ தீவு இருக்கும்போது குடும்பமா முதல் தடவை போறவங்க ஏன் இங்க போறாங்கன்னா, பெரிய தீவான டார்ட்டோலாவுக்கும் தெற்கால வரிசையா கிடக்குற சின்னத் தீவுங்களுக்கும் நடுவுல சர் ஃபிரான்சிஸ் டிரேக் சேனல்னு ஒரு கடல் பாதை இருக்கு, ரெண்டு பக்கமும் தீவு மறைச்சு நிக்கிறதால பெரிய அலை உள்ள வராது, அடுத்து போக வேண்டிய தீவு எப்பவும் கண்ணு முன்னாடியே தெரியும், கடல் மட்டம் ஏறி இறங்கறதும் ஒரு அடி கிட்டதான். காத்து கிழக்குலருந்து விடாம அடிக்கும், நம்ம மீனவங்க கொண்டல்னு சொல்வாங்களே அந்தத் திசை. டிசம்பர் ஜனவரில அது ரொம்ப முரட்டுத்தனமா இருக்கும், ஏப்ரல்ல கொஞ்சம் சாந்தம், ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் புயல் சீசன். 2017 செப்டம்பர் 6ல இர்மா புயல் இங்க நேரா அடிச்சு சார்ட்டர் படகுங்களை ஒண்ணு மேல ஒண்ணா தூக்கிப் போட்டுச்சு, அதனால அந்த மாசங்கள்ல ரேட்டு குறைச்சலா கிடைச்சாலும் நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்.

கேட்டமரான் ஏன்னா, ரெண்டு ஹல் (அடிப்பாகம்) இருக்கறதால ஓடும்போது ஒரு பக்கமா சாயாது, வயசானவங்க எழுந்து நடக்கலாம், கட்டில்லருந்து உருள மாட்டாங்க. கட்டுமரம்ங்கற நம்ம வார்த்தைலருந்துதான் கேட்டமரான் வந்துச்சுன்னு பொண்ணு கேப்டன் கிட்ட சொன்னப்போ அவரு நம்பவே இல்ல, அம்மா உக்காந்து கையை வச்சே காட்டினாங்க, மரத்தை எப்படி அடுக்குவாங்க, எப்படி கயித்தால கட்டுவாங்கன்னு. அன்னிலேருந்து அவரு எங்க படகை "கட்டுமரம்"னுதான் கூப்பிட்டாரு, ட ர ரெண்டும் அவருக்கு வரல, ஆனா விடாம சொன்னாரு.

இப்போ படகு வாடகைக்குக் குடுத்த கம்பெனி பத்தி. பேரு போடல, ஆனா நடந்ததைச் சொல்லணும். மதியம் 12 மணிக்கு படகு குடுக்கறோம்னு எழுதியிருந்தாங்க, கைக்கு வந்தது நாலு மணி தாண்டி. படகை சுத்திக் காட்டறதுக்கு வந்த பையன் முக்கால் மணி நேரத்துல எல்லாத்தையும் ஓட்டமா சொல்லி முடிச்சிட்டான், தண்ணி டேங்க் மீட்டர் வேலை செய்யலைங்கறதை சொல்லவே இல்ல. பிள்ளைங்க சைஸ் ஸ்நார்க்கெல் மாஸ்க் ரெண்டு வேணும்னு ரெண்டு மாசம் முன்னாடியே மெயில் போட்டிருந்தேன், இல்ல. வலது பக்க ஹல்ல ஏசி ஓடல. இதெல்லாம் பொறுத்துக்கலாம், ஆனா டிங்கி, அதாவது கரைக்குப் போக வர கூட இருக்குற சின்னப் படகு, அதோட இஞ்சின் ரெண்டாம் நாள் ராத்திரி செத்துப் போச்சு பாருங்க, அதுதான் பெரிய விஷயம். படகு மிதவைல கட்டி கடல் நடுவுல நிக்கும், கரைக்குப் போக டிங்கிதான் ஒரே வழி, அது இல்லன்னா வீட்டு வாசக்கதவு பூட்டின மாதிரி. போன் பண்ணா நாலு மணி நேரத்துல ஆள் வருவாங்கன்னாங்க, வந்தது ரெண்டு நாள் கழிச்சு மதியம்.

அந்த இடத்துலதான் கேப்டன் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுது. கூப்பர் தீவுல இருந்தோம், மறுநாள் பாத்ஸ்ங்கற பாறைக் கடற்கரையைப் பார்க்கறதுக்காக நேரா விர்ஜின் கோர்டா தீவு கிட்ட போய் மிதவைல கட்டறதா பிளான். அவரு இஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தாரு, பிளக்கைத் துடைச்சாரு, ஆகல. ஒரு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்து உக்காந்து சொன்னாரு, பாத்ஸ்ல எப்படியும் டிங்கியைக் கரைல ஏத்த விட மாட்டாங்க, கொஞ்ச தூரத்துல கயிறு போட்டிருக்காங்க, அதுல டிங்கியைக் கட்டிட்டு நீந்தித்தான் கரை ஏறணும், உங்கம்மாவால அது ஆகாது, இதை நான் மொதல் நாளே யோசிச்சுட்டேன், அதனால அதே தீவுல இருக்குற ஸ்பானிஷ் டவுன் துறைமுகத்துல படகை நேரா மேடைல கட்டிடுவோம், தண்ணி ரொப்பிக்கலாம், கரண்ட் எடுத்துக்கலாம், காலைல டாக்ஸில மேல்பக்கமா பாத்ஸுக்குப் போங்கன்னாரு. அம்மாவுக்கு நீச்சல் தெரியாதுன்னு படகு ஏறும்போது ஒரே ஒரு வாட்டிதான் சொன்னேன். அதை மனசுல வச்சு அந்த ஆளு ரூட் போட்டிருக்காரு.

பாத்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, வீடு வீடா இருக்குற கிரானைட் பாறைங்க கடற்கரைல ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கிடக்கும், நடுவுல குகை மாதிரி இடுக்கு, அதுக்குள்ள கடல் தண்ணி குளமா நிக்கும், மேல இடுக்கு வழியா வெயில் இறங்கும்போது தண்ணி உள்ளேருந்து வெளிச்சம் போட்ட மாதிரி இருக்கும். ஏணி, கயிறு பிடிச்சு உள்ளயே போய் டெவில்ஸ் பே அப்படிங்கற அடுத்த கடற்கரைல வெளிய வரலாம். பசங்களும் நானும் அந்த வழி போனோம், அம்மாவும் வீட்டுக்காரியும் மேலருந்து மெதுவா நடந்து இறங்கி மணல்ல உக்காந்தாங்க, அம்மா முட்டி அளவு தண்ணில நின்னு பாறையைத் தொட்டுக்கிட்டு இருந்தாங்க, மலைக்கோயில் படில கைய வச்சுப் பார்க்கற மாதிரி. எட்டு மணிக்கே போயிடுங்க, சொகுசுக் கப்பல் கூட்டம் வந்துட்டா இடுக்குல நகர முடியாது. வடக்கு அலை பெருசா இருந்தா சிவப்புக் கொடி போட்டு வச்சிருப்பாங்க, அன்னிக்கு தண்ணில இறங்காதீங்க.

அதுக்கு முந்தின நாள் சால்ட் தீவு. அங்க 1867 அக்டோபர் 29ல ஆர்எம்எஸ் ரோன்ங்கற நீராவிக் கப்பல் புயல்ல உடைஞ்சு முங்கிச்சு, நூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க. பீட்டர் தீவு கிட்ட நங்கூரம் போட்டு நின்னுச்சாம், புயல் நடுவுல கொஞ்சம் ஓஞ்சதும் திறந்த கடலுக்குத் தப்பிச்சுப் போயிடலாம்னு கிளம்பி, திரும்ப காத்து எதிர்த் திசைலருந்து அடிக்க, பாறைல மோதி ரெண்டா போயிடுச்சு. ஒரு பாதி ஆழத்துல கிடக்கு, அதுக்கு டைவிங் தெரியணும், பின்பாதி மேலாக இருக்கறதால மாஸ்க் போட்டு மிதந்துக்கிட்டே அந்தப் பெரிய ப்ரொப்பெல்லர் இறக்கையைப் பார்க்கலாம். டிங்கி இல்லாததால பகல் நேர மிதவைல படகைக் கட்டிட்டு படகுலருந்தே குதிச்சோம், கேப்டன் கயிறு கட்டின ஒரு மிதவை வளையத்தைப் பையன் கைல குடுத்து தானும் பக்கத்துலயே நீந்தி வந்தாரு. பையன் மேல வந்து கேட்ட முதல் கேள்வி, "அப்பா, உள்ள இருந்தவங்களுக்கு நீச்சல் தெரியாதா?". என்னால டக்குனு பதில் சொல்ல முடியல. அந்தத் தீவுல உப்பளம் இருக்கு, அங்க குடியிருந்தவங்க பிரிட்டிஷ் ராணிக்கு வருஷா வருஷம் ஒரு மூட்டை உப்புதான் வாடகையா குடுத்தாங்களாம், அம்மாவுக்கு இந்தக் கதைதான் ரொம்பப் பிடிச்சுது.

சாப்பாடு. குக்கர் எடுத்துட்டுப் போங்க, படகுல கேஸ் அடுப்பு இருக்கும் குக்கர் இருக்காது. நாங்க புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அப்பளம், நார்த்தங்கா ஊறுகாய் கொண்டு போனோம், அரிசி காய் பால் எல்லாம் டார்ட்டோலாவுல இருக்குற ரோட் டவுன்ல வாங்கினோம், எல்லாமே கப்பல்ல வர்றதால விலை ஜாஸ்தி. படகு ஓடும்போது சமைக்காதீங்க, கட்டினப்புறம் சமைங்க. அம்மா சைவம், கரைல இருக்குற ரெஸ்டாரண்ட்ல சைவம்னா வறுத்த உருளைக்கிழங்கும் சாலடும்தான் மாறி மாறி வரும், அதனால ராத்திரி படகுலயே சாதம் வடிச்சு மோர் ஊத்தி சாப்பிட்டது அவங்களுக்கு நிம்மதி. வாந்திக்கு மாத்திரை முந்தின நாள் ராத்திரியே போட்டுக்கணும், தலை சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டா சரியா வேலை செய்யாது. அம்மா மாத்திரையே போடல, இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் கைல வச்சுக்கிட்டு தூரத்துல தெரியற தீவையே பார்த்துக்கிட்டு வந்தாங்க.

டாய்லெட் பத்தி யாரும் எழுத மாட்டேங்கறாங்க, அதனால நான் எழுதறேன். பேப்பர் உள்ள போடவே கூடாது, குழாய் மெலிசு, அடைச்சா ட்ரிப்பே போச்சு. நம்மாளுங்களுக்கு இது பிரச்சனை இல்ல, தண்ணிதான், ஆனா ஒரு குவளை எடுத்துட்டுப் போங்க. நல்ல தண்ணி டேங்க்ல அளவாத்தான் இருக்கும், நாலாவது நாள் வரைக்கும் வரும்னு நினைச்சது எங்களுக்கு மூணாவது நாளே தீர்ந்துச்சு, மீட்டர் ஓடாததால தெரியல. ராத்திரி கட்டற மிதவைக்கு 50 டாலருக்கு மேல ஆச்சு, ஆரஞ்சு கலர் மிதவை அன்னன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு ஆப்ல புக் பண்ணணும், வெள்ளைக் கலர்னா முதல்ல வந்தவங்களுக்கு. ஏழு மணிக்கு அலாரம் வச்சது பொண்ணு. அவளுக்கு கேப்டன் சுக்கானும் கத்துக் குடுத்தாரு, துறைமுகத்துக்கு உள்ள வரும்போது சிவப்பு மிதவை வலது கைப் பக்கம் இருக்கணும், அமெரிக்கா பக்கம் முழுக்க இப்படித்தான், உலகத்துல பெரும்பாலான இடத்துல இதுக்குத் தலைகீழன்னு எல்லாம் சொல்லிக் குடுத்தாரு, பாயோட ஓரம் படபடன்னு அடிச்சா என்ன பண்ணணும்னு மூணாம் நாளே அவ சொல்ல ஆரம்பிச்சுட்டா.

கம்பெனி அனுப்பின பிளான்ல ஏழு நாளைக்கு ஏழு தீவு போட்டிருந்தாங்க. கேப்டன் அதைப் பார்த்துட்டு யோஸ்ட் வான் டைக்கை எடுத்துட்டு அனிகாடாவுல ரெண்டு ராத்திரி போட்டாரு. யோஸ்ட்ல இருக்குற வெள்ளை மணல் கடற்கரை பார்தான் எல்லாரும் போட்டோ போடற இடம், பசங்களுக்கு முகம் சுருங்கிடுச்சு, எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனா ஒரு வாரத்துல ரெண்டையும் போட்டா தினமும் மூட்டை கட்டி ஓடிக்கிட்டே இருக்கணும், அவர் சொன்னதுதான் சரி.

அனிகாடா மத்த தீவு மாதிரி மலை கிடையாது, முழுக்க பவளப்பாறையும் சுண்ணாம்பும், உச்சியே 28 அடிதான். விர்ஜின் கோர்டாவோட வடக்குல இருக்குற நார்த் சவுண்ட் குடாவுலருந்து சுமார் 15 கடல் மைல், இந்த ஒரு இடத்துலதான் திறந்த கடல் அலை படும். கேப்டன் எட்டு மணிக்கே கிளப்பினாரு, பாயைக் கொஞ்சம் சுருக்கிக் கட்டினாரு, ஏன்னா சூரியன் தலைக்கு மேல இருக்கும்போது போய்ச் சேர்ந்தாத்தான் தண்ணிக்கு அடியில பாறை எங்க இருக்குன்னு கலரை வச்சுப் பார்க்க முடியும். அங்க இருக்குற ஹார்ஸ்ஷூ ரீஃப்ங்கற பவளப்பாறைத் திட்டு எத்தனையோ கப்பலைத் தின்னிருக்கு. ரெண்டு மணி நேரம் ஒண்ணும் தெரியல, அப்புறம் கடல் மேல தனியா தென்னை மரத் தலை மட்டும் முளைச்ச மாதிரி வந்துச்சு, தரையே தெரியல. அம்மா எழுந்து நின்னுட்டாங்க. கேப்டன் அதுக்குள்ள ரெண்டு வார்த்தை கத்து வச்சிருந்தாரு, "அம்மா, உக்காருங்க"ன்னாரு, அவங்க உக்காரல, அவரே வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

அங்க திறந்த வண்டில தீவைச் சுத்தினோம், உப்பு ஏரில தூரத்துல பூநாரைங்க (ஃபிளமிங்கோ) ரோஸ் கலர்ல கோடு மாதிரி தெரிஞ்சுது, ஒரு காலத்துல அழிஞ்சே போயி 1990கள்ல திரும்பக் கொண்டு வந்து விட்டதாம். லாப்லாலி பே கடற்கரைல ரீஃப் கரைக்குக் கிட்டயே இருக்கறதால பையன் நடந்தே போய் மீன் பார்த்தான். ராத்திரி கடற்கரைல லாப்ஸ்டர் சுட்டுத் தருவாங்க, மத்தியானமே சொல்லி வைக்கணும், விலை அதிகம், ஆனா நான் சாப்பிட்டதுலயே இதுதான் நல்ல லாப்ஸ்டர். அம்மாவுக்குப் படகுல தயிர்சாதம் பண்ணி வச்சிட்டுத்தான் போனோம், கேப்டன் நானும் இங்கயே இருக்கேன்னு அவங்க கூட உக்காந்து அதையே சாப்பிட்டாராம், நார்த்தங்கா ரெண்டாவது வாட்டி கேட்டாராம்.

கேப்டனுக்கு சாப்பாடு, படுக்க ஒரு கேபின் நீங்கதான் தரணும், கடைசில டிப்ஸ் தனி. மொத்தமா பார்த்தா கூடுதலா 2,000 டாலருக்கு மேல ஆச்சு, பெரிய படகுக்கு ஆகியிருக்கற வித்தியாசமும் கிட்டத்தட்ட அதேதான். கேபின் குறைஞ்சதால பையன் ஹால் சோபால படுத்தான், ஒரு நாள் கூட புகார் பண்ணல.

டிங்கி இல்லாத ரெண்டு நாளுக்கும், ஏசிக்கும் சேர்த்து பணம் திருப்பிக் கேட்டு போட்டோவோட மெயில் போட்டேன். ஒரு நாள் வாடகைல பாதி தர்றோம்னு பதில் வந்துச்சு, அது பத்தாதுன்னு திரும்ப எழுதி மூணு வாரம் ஆச்சு, இன்னும் பதில் இல்ல. வந்தா இங்கயே கீழ சேர்த்து எழுதறேன். நீங்க போனா படகு வாங்கும்போது டிங்கி இஞ்சினை ரெண்டு வாட்டி அணைச்சுப் போட்டுப் பாருங்க, தண்ணி மீட்டரை வீடியோ எடுத்துக்கோங்க, அதுக்கு முன்னாடி கையெழுத்துப் போடாதீங்க.