ஸ்கையா, ஹாரிஸா: கேமராவோடு போக எந்தத் தீவு?

ஸ்காட்லாந்தில் ஒரு வாரம் படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் நினைப்பது ஸ்கை தீவைத்தான். அது நியாயமே. 1995-இல் திறந்த பாலத்தால் காரிலேயே போய்விடலாம். ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறையும் குயிரேங்கின் நிலச்சரிவு மேடுகளும் கிழக்கே பார்த்தவை. விடியல் வெயில் நேராக முகத்தில் விழும். மேற்கு முனையில் நீஸ்ட் பாயின்ட் கலங்கரை விளக்கம், அந்திக்கு. ஒரே நாளில் இரண்டையும் பிடிக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் கோடையில் ஒற்றைத்தடச் சாலைகளில் கார்கள் அடைத்துக்கொள்ளும், அறை கிடைப்பதும் பாடு.

ஹாரிஸுக்கு ஸ்கையின் ஊயிக் துறையிலிருந்து கப்பல், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். காற்று பலத்தால் ரத்தாகும். ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனியன்றே சாப்பாடு வாங்கிவிட வேண்டும்.

இத்தனைக்கும் என் ஓட்டு ஹாரிஸுக்கே. லஸ்கென்டையர் கடற்கரையில் நீர் வற்றும்போது வெண்மணலில் வரிவரியாக நீர்த்தடம் விரியும், எதிரே டாரன்சே தீவு. மேகம் நகர நகர நீலம் பச்சையாகும். நின்ற இடத்திலேயே பத்துப் படம் எடுக்கலாம். கடல் நீர் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துப் போங்கள். ஒட்டியுள்ள லூயிஸில், ஏறத்தாழ 5,000 ஆண்டுக்கு முன் மனிதர் நட்டுவைத்த கலனிஷ் கற்கள் நிற்கின்றன.

மாதம் எதுவென்றால், அக்டோபர். ஜூனில் பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், பொடிப்பூச்சிக் கடி வேறு. அக்டோபரில் தூங்கி எழுந்தே விடியலைப் படம் எடுக்கலாம், புல்லும் செம்பழுப்பாகியிருக்கும்.