பழைய மெட்ராஸ் கார்டுகள்: டீலரிடமா, டெல்கேம்ப்பிலா, சேகரிப்பாளரிடமா?

பெரியப்பா ஆல்பம் போட்டுச் சேர்த்திருந்த பட அஞ்சலட்டைகளை விற்கும் வேலை என் தலையில் விழுந்தது. டீலரிடம் மொத்தமாகத் தள்ளிவிடலாம், ஏல நிறுவனத்திடம் கொடுக்கலாம், டெல்கேம்ப், ஈபே போன்ற வெளிநாட்டு இணைய விற்பனைத் தளங்களில் போடலாம், உள்ளூர்ச் சேகரிப்பாளர்களுக்குத் தனித்தனியாக விற்கலாம். நான் கடைசி வழியில் விற்றேன். இன்னொரு ஆல்பம் கைக்கு வந்தாலும் அதே வழிதான்.

முதலில் மதிப்பு. வெறும் வயதுக்கு யாரும் காசு தருவதில்லை. விக்டோரியா தலை போட்ட காலணா கார்டு 1879-இல் வந்தது. ஏராளமாக அச்சடித்ததால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. பர்மாவிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்தது, அரிய ஊர் முத்திரை விழுந்தது என்று ஏதாவது இருந்தால்தான் பேச்சு. படக் கார்டுகளிலும் அதே கதைதான். ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் வெளியிட்ட மவுண்ட் ரோடு, ஹைகோர்ட், மெரினா எல்லாம் ஊருக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அள்ளி வாங்கி அனுப்பியவை. நான் விற்ற அந்த வகைக் கார்டுகள் சில நூறு ரூபாயைத் தாண்டவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதில் எரிந்த எண்ணெய்த் தொட்டிகள், 1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி, ஏதோ ஒரு சிற்றூரின் கடைத்தெரு, ரயில் நிலையம் என்றால் விலை பல மடங்கு ஏறும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் வழவழவென்று ஓடினால் அசல் போட்டோவாக இருக்கலாம், அதற்குத் தனி மவுசு. நம் வீடுகளில் யாராவது ஒரு பையன் தபால்தலைக்காக மூலையைக் கிழித்திருப்பான். அந்தக் கார்டுக்குப் பாதி விலை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

டீலரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரே நாளில் வேலை முடியும், காசு கையில். ஆனால் நூறு கார்டில் விலை போகக்கூடியவை ஏழெட்டுதான் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஏழெட்டுக்கு மனதில் கணக்குப் போட்டுவிட்டு, மொத்தத்துக்கும் சராசரி விலை சொல்வார். அது அவர் தொழில், குறை சொல்ல முடியாது. ஏல நிறுவனத்தில் நான் விற்றதில்லை. விசாரித்தவரை, கமிஷன் போக மிஞ்ச வேண்டுமென்றால் பெரிய தொகுப்போ மிக அரிய கார்டோ இருக்க வேண்டும் என்றார்கள்.

வெளிநாட்டுத் தளம்தான் எல்லாரையும் இழுக்கிறது. மெட்ராஸ் கார்டைத் தேடுகிறவர்களில் பலர் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், விலையும் அங்கே கூடுதல். ஆனால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் ஒன்று இருக்கிறது. நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருளையும், 75 ஆண்டைக் கடந்த, வரலாற்று மதிப்போ கலை மதிப்போ உள்ள ஆவணத்தையும் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, கூடவே அபராதம். பட அஞ்சலட்டையின் பொற்காலமோ 1900 முதல் முதல் உலகப்போர் வரை. அதாவது, எந்தக் கார்டுக்கு வெளியே நல்ல விலை உண்டோ, அதுதான் நூறைத் தாண்டி நிற்கிறது.

பின்பக்கத்தைப் புரட்டினாலே கார்டின் வயது ஓரளவு தெரிந்துவிடும். முகவரிக்கு மட்டும் இடம் விட்டு, சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தால் மிகப் பழையது. நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்த முதுகை இங்கிலாந்து 1902-இலும் ஜெர்மனி 1905-இலும் அனுமதித்தன. இந்தியக் கார்டுகள் பலவும் அங்கே அச்சானவைதான். சாதாரண அச்சுக் கார்டு இந்தச் சட்டத்துக்குள் வருமா என்று வாதாடலாம். ஆனால் அதை சுங்க அதிகாரி முன்னால் நின்று வாதாட எனக்குத் தெம்பில்லை. தொல்லியல் துறையிடம் காட்டி, ‘தொல்பொருள் அல்ல’ என்று சான்று வாங்க வழி உண்டு. முந்நூறு ரூபாய்க் கார்டுக்காக யார் அலைவது? அதனால் 75 ஆண்டு ஆகாத சுற்றுலாக் கார்டுகளுக்கு மட்டும் அந்தத் தளங்கள் சரி. அவற்றுக்கோ பெரிய விலை கிடையாது, தபால் செலவே பாதியைத் தின்றுவிடும். என்னைப் பொறுத்தவரை அந்த வழி அங்கேயே அடைபட்டுவிட்டது.

ஒரு காரியத்துக்கு மட்டும் டெல்கேம்ப்பை விடாமல் பார்த்தேன்: விலை தெரிந்துகொள்ள. விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதிலும் கொஞ்சம் குறைத்துத்தான் இங்கே கேட்க முடியும்.

உள்ளூர்ச் சேகரிப்பாளர்களைப் பிடிப்பது கஷ்டமில்லை. அஞ்சல் துறை நடத்தும் டானாபெக்ஸ் போன்ற தபால்தலைக் கண்காட்சிகளுக்குப் போனால் நாலு பேர் அறிமுகமாவார்கள், அவர்கள் வழியாக வாட்ஸ்அப் குழு, பேஸ்புக் குழு என்று விரியும். சொந்த ஊர்ப் படத்தைத் தேடுகிறவர் டீலரைவிட நல்ல விலை தருவார். தஞ்சாவூர்க்காரருக்கு மெரினா வேண்டாம், மேலவீதி வேண்டும். வேலை நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்ய வேண்டும், முனை மடங்கியது, கறை, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரு பக்கமும் அட்டை வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் போதும். செல்லோ டேப் கார்டில் படவே கூடாது. பணம் யூபிஐ-யில் வந்த பிறகுதான் பார்சல் கட்டுவது என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டால் சங்கடமில்லை.

எல்லாமே போய்விடாது. தேர், யானை ஊர்வலம், பாம்பாட்டி, தாஜ்மகால் வகையறா மிஞ்சும். அந்த மிச்சத்தை மட்டும் டீலரிடம் கொடுத்தேன். பெரியப்பாவுக்கு அவருடைய அப்பா எழுதிய கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டேன், அவற்றுக்கு எப்படியும் யாரும் விலை தரப்போவதில்லை.