முத்துத்தோடு பசிலுக்குக் காசு கட்டாதீர்கள், அது சேரவே சேராது

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் கடையில் ஆள் இருக்காது, போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன மாதம் அப்படி நோண்டும்போது ஒரு பசில் ஆப்பின் விளம்பரம் வந்தது, பாதி மலையாளம் பாதி தமிழ், எல்லையில் இருந்தால் இப்படித்தான் வரும். பழைய ஓவியத்தைப் பதினாறு கட்டமாக வெட்டி, ஒன்றை எடுத்துவிட்டு மீதியைக் கலைத்து வைத்திருப்பார்கள். காலி இடத்துக்குள் ஒவ்வொன்றாக நகர்த்திப் படத்தைச் சேர்த்தால் 5,000 ரூபாய்.

முகப்பில் 'ரவிவர்மா ஓவியம்' என்று போட்டு, விளக்கேந்திய பெண் படத்தை வைத்திருந்தார்கள். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். அது ரவிவர்மா வரைந்ததே இல்லை, ஹல்தங்கர் வரைந்தது, மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. திருவனந்தபுரம் மியூசியத்தில் பிள்ளைகளுக்கு ரவிவர்மா படங்களைக் காட்டிப் பெரிதாகப் பேசியவன் நான், எனக்கே உறைக்கவில்லை.

நுழைவுக்கு 49 ரூபாய். சரி, ஒரு டீ வடைக் காசுதானே என்று யுபிஐ பின்னைப் போட்டுவிட்டேன். எனக்கு வந்த படம் டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த முத்துத்தோடு போட்ட பெண். நீலத் தலைத்துணியும் முகமும் தோடும் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டன. வலது கீழ்மூலை காலி, மற்றபடி படம் அச்சு அசலாக இருக்கிறது, ஆனால் 'இன்னும் முடியவில்லை' என்றே காட்டுகிறது. எங்கே தப்பு என்று பார்க்க 29 ரூபாய் கட்டிக் குறிப்பு வாங்கினேன். கட்டங்களின் மேல் எண் தெரிந்தது. மேல் வரிசையில் இடது மூலையில் 1 இருக்க வேண்டிய இடத்தில் 4, வலது மூலையில் 4 இருக்க வேண்டிய இடத்தில் 1. இரண்டுமே வெறும் கறுப்பு, கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. (அந்தக் கறுப்பு 1665 வாக்கில் வரைந்தபோது பச்சைத் திரைச்சீலையாக இருந்ததாம், படத்தை வைத்திருக்கும் ஹேக் நகர மியூசியம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. சாயம் போகாமல் இருந்தால் திரையின் மடிப்பை வைத்தாவது கண்டுபிடித்திருப்பேன்.)

இரண்டைத்தானே மாற்ற வேண்டும் என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். அதை மாற்றினால் வேறு இரண்டு மாறிக்கொள்ளும். இன்னும் இரண்டு குறிப்பு வாங்கினேன்.

அப்புறம் ஒரு நாள், பென்ஷன் பேப்பர் ஜெராக்ஸ் எடுக்க ரிட்டையர்டு கணக்கு சார் ஒருத்தர் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன மணிக்கூராடே இதையே நோண்டுத?" என்றார். "ரெண்டு நாளாச்சு சாரே" என்றேன். "ரெண்டு வருசம் ஆனாலும் சேராது" என்று சொல்லி, வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். காலி இடம் கீழ்மூலையிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பி வர வேண்டுமென்றால், எத்தனை தடவை மேலே போனதோ அத்தனை தடவை கீழே வந்திருக்க வேண்டும், இடது வலதுக்கும் அதே கணக்கு. ஆக மொத்த நகர்வு எப்போதும் இரட்டைப்படைதான். ஒவ்வொரு நகர்வும் ஓர் இடமாற்றம். இரண்டு கட்டத்தை மட்டும் மாற்றுவதற்கு ஒற்றைப்படை இடமாற்றம் வேண்டும். தலைகீழாக நின்றாலும் நடக்காது.

இந்த வித்தைக்கு வயசும் ஜாஸ்தி. 1 முதல் 15 வரை எண் போட்ட இதே மாதிரிக் கட்டங்களில் 14, 15 என்ற இரண்டை மட்டும் மாற்றி வைத்து, சரிசெய்தால் 1,000 டாலர் என்று சாம் லாய்ட் என்ற புதிர்க்காரர் அமெரிக்காவில் அறிவித்திருந்தார். யாருக்கும் கொடுக்க வேண்டி வரவில்லை, வரவும் வராது, ஏனென்றால் அது முடியாது என்று 1879-லேயே கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார்கள். அந்தப் பசிலைக் கண்டுபிடித்ததே தான்தான் என்றும் லாய்ட் சொல்லிக்கொண்டார், அதுவும் பொய், கண்டுபிடித்தவர் நோயஸ் சாப்மன் என்ற போஸ்ட்மாஸ்டர். சார் இதையெல்லாம் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடாகிவிட்டது. நம்ம ஆட்கள் செய்தது இன்னும் மோசம், மாற்றிய இரண்டையும் கறுப்புக்குள் ஒளித்துவிட்டு, அதைப் பார்க்கவும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அதோடு போகவில்லை. பேங்க் கணக்கைப் பார்த்தால் 399 ரூபாய் இரண்டு தடவை போயிருக்கிறது. 49 ரூபாய்க்கு யுபிஐ பின் நம்பர் போட்டேனே, அந்தத் திரையிலேயே வாரா வாரம் 399 எடுத்துக்கொள்ள ஆட்டோபே அனுமதி இருந்திருக்கிறது. எடுப்பதற்கு முந்தின நாள் எஸ்எம்எஸ்கூட வந்திருக்கிறது, லோன் விளம்பரத்துக்கு நடுவில் கிடந்தது, யார் படித்தார்கள். மொத்தம் 934 ரூபாய்.

கட்டியவர்கள் யாராவது இருந்தால், ஆப்பை அழித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பணம் எடுப்பது நிற்காது. உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்துக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள், அதற்கும் பின் நம்பர் கேட்கும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்கு அடித்துப் புகாரும் கொடுங்கள். நான் கொடுத்திருக்கிறேன், புகார் எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை.

அந்த ஆப்காரர்களுக்கும் சார் எழுதிய தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறார்களாம், ஈடாக என் கணக்கில் மூன்று இலவசக் குறிப்பு போட்டிருக்கிறார்களாம். அதே படத்துக்கு.