வட்டத் தடிப்புக்கு எந்த டியூப்?

இடுப்பில், பெல்ட் அழுத்தும் இடத்தில் ஒரு தடிப்பு. முதலில் கொசு கடித்த மாதிரிதான் இருந்தது. பத்து நாளில் நாணயம் அளவுக்கு வட்டம் போட்டுவிட்டது. சொறியச் சொறியச் சுகம், நிறுத்தினால் எரிச்சல். மருந்துக்கடையில் சட்டையைத் தூக்கிக் காட்டினேன், ஒரு டியூப் கொடுத்தார்கள். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றது. அதை நம்பித்தான் மூன்று மாதம் ஏமாந்தேன்.

வட்டமாக வரும் தடிப்புகளில் ஆளைக் குழப்புபவை முக்கியமாக மூன்று: படர்தாமரை, நம்முலர் எக்ஸிமா என்கிற நாணய வடிவக் கரப்பான், சோரியாசிஸ். மூன்றிலும் தோல் உரியும், மூன்றும் அரிக்கலாம். ஆனால் ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு உரமாகிவிடும். அதனால் டியூப்களை ஒப்பிடுவதற்கு முன்னால் நோய்களை ஒப்பிட்டாக வேண்டும்.

படர்தாமரையில் ஓரத்தைப் பாருங்கள். ரிங்வார்ம் என்ற ஆங்கிலப் பெயரில் புழு இருக்கிறதே தவிர, நோயில் புழு கிடையாது. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை அது. தின்றுகொண்டே வெளிப்பக்கம் நகர்வதால் ஓரம் மேடு தட்டி, செதில் செதிலாக, சிறு பொரிகளோடு இருக்கும். நடுப்பகுதி ஓரளவு அடங்கிக் கிடக்கும். நாணயக் கரப்பானில் அந்த வித்தியாசம் இருக்காது; ஓரம் முதல் நடு வரை ஒரே மாதிரிதான். ஆரம்பத்தில் நீர் கசிந்து பொருக்குத் தட்டும், பிறகு காய்ந்து வெடிக்கும். வறண்ட தோல்காரர்களுக்குக் கை கால்களில் அதிகம் வரும். சோரியாசிஸில் செதில் தடிமனாக, வெள்ளிப் பூச்சு மாதிரி இருக்கும். முழங்கை, முழங்கால், தலை, கீழ்முதுகு என்று அதற்கென்று பிடித்த இடங்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும். நகத்தில் ஊசி குத்திய மாதிரிக் குழிகள் இருந்தாலோ, காலையில் மூட்டு பிடித்துக்கொண்டாலோ சந்தேகம் இன்னும் வலுக்கும். முதலாவது ஒட்டிக்கொள்ளும், மற்ற இரண்டும் யாருக்கும் தொற்றாது.

எழுத்தில் இப்படித் தெளிவாகப் பிரித்துவிடலாம், கண்ணாடி முன் நின்றால் பிரிக்க வராது. தோல் நோய்ப் படங்களில் பாதிக்கு மேல் வெளுத்த தோலில் எடுத்தவை என்பது என் அனுபவம். அங்கே 'சிவப்பு' என்று சொல்வது மாநிறத்திலும் கறுத்த தோலிலும் பழுப்பாக, சாம்பலாக, சில சமயம் ஊதாவாகத் தெரியும். படத்தோடு ஒத்துப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது அங்கேயே ஆட்டம் கண்டுவிடும்.

தோல் மருத்துவர் செய்தது ரொம்ப எளிய வேலை. சின்ன பிளேடின் விளிம்பால் தடிப்பின் ஓரத்தை லேசாகச் சுரண்டினார், நடுவைத் தொடவே இல்லை. பவுடர் மாதிரி உதிர்ந்ததைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். அது கெரட்டினைக் கரைத்துவிடும், பூஞ்சை மட்டும் மிஞ்சும். சில நிமிடம் கழித்து என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மங்கலான செல்களுக்கு நடுவே கிளை பிரிந்து ஓடும் மெல்லிய நூல்கள். கரப்பானாகவோ சோரியாசிஸாகவோ இருந்திருந்தால் அந்த நூல்கள் இருக்காது. ஒன்று கவனிக்க வேண்டும்: பூஞ்சைக் களிம்பை ஏற்கனவே தடவிவிட்டுப் போனால் இந்தச் சோதனை ஒன்றும் காட்டாமல் போகலாம். எதையும் பூசும் முன்பே போவதில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது.

சரி, இப்போது டியூப்கள்.

கடையில் எனக்குக் கிடைத்தது கலவைக் களிம்பு: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. எது என்று தெரியாதபோது மூன்றுக்கும் சேர்த்து ஒரே குழாய் என்பது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றும். வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அந்த வேகம் ஸ்டீராய்டு தருவது. அது பூஞ்சையைக் கொல்வதில்லை, பூஞ்சையை எதிர்த்து நம் தோல் காட்டும் கோபத்தை அடக்குகிறது. அரிப்பும் சிவப்பும் போகும். காவலாளி தூங்கிய வீட்டில் பூஞ்சை சாவகாசமாகப் பரவும். நிறுத்தினால் திரும்ப வரும், திரும்பத் தடவுவோம். இதற்குள் மேடான ஓரம் அழிந்து, படர்தாமரை என்று மருத்துவரே சட்டென்று சொல்ல முடியாத தோற்றம் வந்துவிடும். 1968இல் ஐவ், மார்க்ஸ் என்ற இரு தோல் மருத்துவர்கள் இதற்கு 'டினியா இன்காக்னிடோ' என்று பெயர் வைத்தார்கள். மாறுவேடம் போட்ட படர்தாமரை என்று சொல்லலாம்.

வெறும் பூஞ்சைக் களிம்பு இதற்கு நேர் எதிர். குளோட்ரிமசோல், டெர்பினஃபைன் வகை. முதல் சில நாள் பெரிதாக மாற்றம் தெரியாது, பொறுமை சோதிக்கும். தடிப்பின் மேல் மட்டும் தடவினால் போதாது, ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவ வேண்டும். பார்வைக்கு மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது. டெர்பினஃபைனுக்கு ஓரிரு வாரம், குளோட்ரிமசோலுக்கு 2 முதல் 4 வாரம் என்பது பொதுவான கணக்கு. ஒன்றிரண்டு வட்டம்தான் என்றால் என் ஓட்டு இதற்கே.

மாத்திரை பலசாலி, ஆனால் எல்லோருக்கும் தேவைப்படாது. நிறைய இடத்தில் பரவினால், தலைமுடியிலோ நகத்திலோ பிடித்தால், களிம்புக்கு அடங்காவிட்டால் அதன் முறை வரும். டெர்பினஃபைனுக்கு மசியாத பூஞ்சை இனமும் இப்போது உலவுகிறது, அதற்கு இட்ராகொனசோல் கொடுப்பார்கள். இட்ராகொனசோலோ கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு சேராது, இதயம் பலவீனமானவர்களுக்கும் ஆகாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் மீதி மாத்திரையை வாங்கி விழுங்குகிற விஷயமில்லை இது.

தனி ஸ்டீராய்டு களிம்பைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். படர்தாமரையில் வில்லனாக இருக்கும் அதுவே நாணயக் கரப்பானில் முதல் மருந்து, கூடவே தோலை ஈரமாக வைக்கும் மாய்ஸ்சரைசர். சோரியாசிஸிலும் அதைத்தான், பெரும்பாலும் கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்தோடு, எழுதுவார்கள். பெயரைக் கேட்டே பயந்து மிளகளவு எடுத்துத் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள், அதிலும் பயனில்லை. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது சரியான அளவு. முகம், அக்குள், தொடையிடுக்கு இவற்றில் வீரியமானதைத் தொடவே கூடாது, அங்கே தோல் மெல்லியது. சோரியாசிஸ்காரர்கள் ஸ்டீராய்டை மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்துவிட்டு நிறுத்தினால் சீழ்க் கொப்புளங்களோடு நோய் பொங்கி எழக்கூடும்; அது வேறு கதை, அதைவிட ஆபத்தான கதை.

போட்டோ அனுப்பி ஆலோசனை கேட்பதா, நேரில் போவதா? ஏற்கனவே கண்டுபிடித்த நோய் எப்படித் தேறுகிறது என்று காட்ட போட்டோ போதும். முதல் தடவைக்கு நான் நேரில்தான் போவேன், போட்டோவைச் சுரண்டிப் பார்க்க முடியாதே. அப்புறம், வெளிறிய அல்லது சிவந்த திட்டில் தொட்டால் உணர்வு குறைவாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அது தொழுநோயாக இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்தில் முழுக்கக் குணமாகும். பஞ்சால் வருடி உணர்வைச் சோதிப்பதும் நேரில் நடக்கிற காரியம்தான். ராத்திரியில் மட்டும் அரிப்பு ஏறி, விரலிடுக்கில் பொரி வந்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்தால் நினைக்க வேண்டியது சொறிச்சிரங்கை. அதற்கு அறிகுறி இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

மருத்துவரிடம் போனபோது அந்தப் பழைய டியூப்பையும் எடுத்துப் போயிருந்தேன். பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தவர், குளோபெடசால் என்ற வீரியமான ஸ்டீராய்டின் பெயருக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். படர்தாமரை நாலு வாரத்தில் போய்விட்டது. களிம்பு தோலை மெலிய வைத்துப் போட்ட வரிகள் மட்டும், பிரசவ வரி மாதிரி, இடுப்பில் இன்னும் இருக்கின்றன.