சென்னைச் சுரங்கமா, மலம்புழாவா, ஆழியாறா?

கடல் இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைக்கு மீன் என்றால் சந்தையில் ஐஸ்கட்டி மேல் கிடப்பதுதான். தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகள் மூடிய வாரத்தில், "உசுரோட நீந்தற மீனு பார்க்கோணும்" என்று மகள் ஒரே பிடியாக நின்றாள். திருப்பூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மூன்று இடம் தோதாக இருக்கிறது. ஒவ்வொரு விடுமுறைக்கு ஒன்றாக மூன்றையும் பார்த்துவிட்டோம்.

பெரியதென்றால் சென்னைதான். ஈஞ்சம்பாக்கத்தில் 2019இல் திறந்த விஜிபி மரைன் கிங்டம். மழைக்காட்டு ஆற்று மீன்களில் தொடங்கி, அலையாத்திக்காடு, கரையோரம் என்று நகர்ந்து ஆழ்கடல் சுரங்கத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். சுரங்கம் கண்ணாடி இல்லை, வளைத்த அக்ரிலிக். தலைக்கு மேல் ஒரு திருக்கை வந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு மெதுவாகப் போனது. வெள்ளை வெளேரென்று, இரண்டு கண்ணும் ஒரு வாயுமாகச் சிரிக்கிற முகம் மாதிரி. அது கண்ணே இல்லை, மூக்குத் துளை. நிஜக் கண் முதுகுப் பக்கம் இருக்கிறது. மகள் அண்ணாந்து பார்த்தபடி அசையவே இல்லை. பக்கத்தில் அமுச்சி (எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்ற பாட்டி), "ஏஞ்சாமி, இது கிலோ என்ன வெலைக்குப் போகும்?" என்றார்.

ஆனால் அந்தத் திருக்கைக்குக் கொடுக்கிற விலையைப் பாருங்கள். வந்தே பாரத்தில் ஏறினால் திருப்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசல். ஆளுக்குச் சில நூறு ரூபாய் டிக்கெட், ராத்திரி தங்க ரூம். ஆறு பேர் போய்வந்த செலவில் வீட்டுக்கு ஒரு பீரோ வாங்கியிருக்கலாம். மீனுக்காக மட்டும் போவது வீண். அதே சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையும் மாமல்லபுரமும் இருப்பதால், சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்து இரண்டு நாள் தங்க முடிந்தால் போகலாம். பிள்ளைக்கு ஆறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். எங்கள் சின்னவன் ஆழ்கடலைத் தோளில் தூங்கிக்கொண்டே கடந்தான்.

மலம்புழா வேறு கதை, கேரளாவில் ஓர் அணையும் பூங்காவும். வாளையார் தாண்டினால் பாலக்காடு, அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பி ராத்திரி வீட்டில் படுக்கலாம். 1955இல் அணை கட்டி முடித்தபோது பாலக்காடே சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தது. இன்றும் தமிழில் பேசினால் காரியம் நடக்கும். அக்வேரியம் கட்டடமே மீன் வடிவத்தில் இருக்கும். உள்ளே நன்னீர் வண்ண மீன்கள்தான், சுறாவைத் தேடக் கூடாது. ஆனால் தொட்டிகள் சின்னப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு வருகின்றன. சுரங்கத்தில் தூங்கினவன் இங்கே கண்ணாடியில் மூக்கை அழுத்தி, ஒரு மீன் வாயைத் திறந்து மூடுவதற்கெல்லாம் தானும் திறந்து மூடினான். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டு எங்களைச் சுற்றிப் போனார்கள்.

அப்புறம் ரோப்கார், பாம்புப் பண்ணை, சண்டிகரின் நேக் சந்த் உடைந்த ஓட்டிலும் வளையலிலும் அமைத்த பாறைத் தோட்டம் என்று பொழுது போய்விடும். பூங்காவில் நடை அதிகம், முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம். கானாயி குஞ்ஞிராமன் செய்த யட்சி சிலை உடுப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும். பெரியவர்களோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. நாங்கள் சொல்லவில்லை. அமுச்சி "கருமம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், திரும்பி வரும்போது ஒருமுறை நன்றாகவே பார்த்தார்.

ஆழியாறு பொள்ளாச்சியிலிருந்து 24 கிலோமீட்டர். பூங்கா, படகு, சின்னதாக ஒரு மீன் காட்சியகம். தொட்டிகளைப் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் போதும். இதை அக்வேரியம் பயணம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போனால் ஏமாற்றுவேலை. இங்கே மீன் என்றால் மசாலா தடவி எண்ணெயில் போடுவதுதான். ஜிலேபி மீன் வறுவல் வாசம் பூங்கா வாசலிலேயே இழுக்கும்.

இந்த மே மாதம் தங்கை குடும்பமும் சேர்ந்துகொள்கிறது. அவள் பையனுக்கு மூன்று வயது, அதனால் மலம்புழா என்று முடிவு செய்து வேனும் பேசியாகிவிட்டது. அமுச்சி மட்டும் ஆழியாறுக்கே போலாம் என்கிறார். மீன் பார்க்கவா என்று கேட்டால் பதிலைக் காணோம்.