தமிழ் எழுத்துரு: போனில் இருப்பதா, கூகுள் லிங்க்கா, நம் சர்வரா?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கருவாட்டுக் கடைக்கும் விடுதிக்கும் வெப்சைட் செய்து தருகிறவர்கள் படத்தைச் சுருக்கக் காட்டும் அக்கறையை எழுத்துருவில் காட்டுவதில்லை. பக்கத்தைத் திறப்பவர் பெரும்பாலும் கரையில் நின்று, விட்டு விட்டு வரும் சிக்னலில், போனில் பார்க்கிறார். சீலா மீன் என்ன விலை என்பது அவருக்கு உடனே தெரிய வேண்டும்.

போனில் இருப்பதையே பயன்படுத்துவது முதல் வழி. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பில்) எழுத்துருப் பெயர் எழுதும் ஃபான்ட்-ஃபேமிலியில் இவற்றை வரிசையாகப் போட்டு சான்ஸ்-செரிஃப் என்று முடித்தால் ஒரு பைட்கூட இறங்காது. லைன்-ஹைட் (வரி உயரம்) 1.6 வைத்தால் 'கீ'யும் 'ரூ'வும் முட்டிக்கொள்ளாது. போனுக்குப் போன் தோற்றம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கூகுள் சர்வரிலிருந்து எழுத்துருவை இறக்கும் கூகுள் ஃபான்ட்ஸ் லிங்க். ஒட்டுவதற்கு எளிது. 'வேறு சைட்டில் ஏற்கெனவே இறங்கி கேஷில் இருக்கும்' என்று இன்னும் சொல்கிறார்கள். கேஷ் என்பது இறங்கியதை பிரவுசர் சேமித்து வைக்கும் இடம். 2020-இல் குரோம் 86 வந்ததிலிருந்து சைட்டுக்கு சைட் கேஷ் தனித்தனி. அந்த லாபம் போய்விட்டது. சிஎஸ்எஸ் ஒரு டொமைனில், ஃபான்ட் கோப்பு இன்னொன்றில். பலவீனமான சிக்னலில் இந்த இரண்டு புது இணைப்புகளே பெரிய தாமதம். இணைப்பை முன்கூட்டியே தொடங்கச் சொல்லும் ப்ரீகனெக்ட் கொஞ்சம்தான் உதவும்.

மூன்றாவது, டபிள்யூஓஎஃப்எஃப்2 கோப்பை (வெப்சைட்டுக்கெனச் சுருக்கிய எழுத்துருக் கோப்பு) நம் சர்வரிலேயே வைப்பது. கவனம் இங்கேதான் வேண்டும். கோப்பைச் சிறிதாக்கும்போது எழுத்தும் குறியும் சேரும் விதிகள் உள்ள ஜிசப் அட்டவணையை வெட்டிவிட்டால் 'நண்டு'வில் உகரக் குறியும் 'சூடை'யில் ஊகாரக் குறியும் எழுத்தோடு சேராமல் தனியே பிரிந்து நிற்கும். எழுத்துருவைச் சிறிதாக்கும் பைஎஃப்டிசப்செட் கருவியைப் பயன்படுத்தினால் லேஅவுட்-ஃபீச்சர்ஸ் (அந்தச் சேர்க்கை விதிகள்) எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, எந்தெந்த எழுத்துகளுக்கு இந்த எழுத்துரு என்று சொல்லும் யூனிகோட்-ரேஞ்சில் தமிழ்த் தொகுதியை மட்டும் எழுதினால் விலைப் பட்டியல் கெடும். ₹ குறியும் 0 முதல் 9 வரையான எண்களும் அந்தத் தொகுதிக்கு வெளியே இருக்கின்றன. மீன் பெயர் ஓர் எழுத்துருவில், பக்கத்திலேயே விலை வேறொன்றில், தடிமனும் உயரமும் ஒட்டாமல் நிற்கும். கோப்பில் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்து, ரேஞ்சிலும் சேர்த்துவிடுங்கள்.

என் தேர்வு: உள்ளடக்கத்துக்கும் விலைக்கும் போனில் இருப்பது; கடைப் பெயருக்கும் தலைப்புக்கும் மட்டும் நம் சர்வரில் ஒரே ஒரு தடிமன். எழுத்துரு இறங்கும்வரை என்ன காட்டுவது என்று சொல்லும் ஃபான்ட்-டிஸ்ப்ளேவுக்குப் பலரும் ஸ்வாப் போடுகிறார்கள். எழுத்துரு தாமதமாக வந்து மாறும்போது பக்கம் குதிக்கும். போன் நம்பரை அழுத்தப் போன விரல் வேறெதையோ அழுத்தும். இந்தக் கரைக்கு ஆப்ஷனல் என்ற மதிப்புதான் சரி. உடனே வராவிட்டால் போனின் எழுத்தே நிற்கும், கேஷில் சேர்ந்தபின் அடுத்த பக்கத்தில் நம்முடையது வரும்.

கோப்பை எவ்வளவு காலம் கேஷில் வைக்கலாம் என்று சர்வர் சொல்லும் கேஷ்-கன்ட்ரோலில் மேக்ஸ்-ஏஜ் 31536000 விநாடி, அதாவது ஓராண்டு; கூடவே இம்யூட்டபிள் (கோப்பு மாறாது என்ற குறிப்பு). கோப்பை மாற்றினால் பெயரையும் மாற்றுங்கள். எழுத்துருவை முன்கூட்டியே இறக்கச் சொல்லும் ப்ரீலோட் போடுகிறவர்கள் நம் சர்வர்தானே என்று அந்த வரியில் கிராஸ்ஆரிஜின் என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் அதே கோப்பு இரண்டு முறை இறங்கும்.