வாடைக்காத்துக்கு தேங்காண்ணெயா வாசலினா?

மார்கழி பொறந்தா பாம்பன் பக்கம் வாடைக்காத்து ஆரம்பிச்சிரும், கடலை ஒட்டி இருந்தாலும் தோலு வறண்டு காலெல்லாம் வெள்ளை வெள்ளையா கோடு விழும், இதுல போர் போட்ட உப்புத்தண்ணில குளிச்சா சொல்லவே வேணாம். எங்க வீட்டுல தேங்காண்ணெய், வாசலின் ரெண்டுமே இருக்கு. தேங்காண்ணெய் தோலை நல்லா மெதுவாக்கும், கை கால் முழுக்க தேய்க்க லேசா இருக்கும், எங்க அப்பத்தாவுக்கு இன்னைக்கும் அது மட்டும்தான். ஆனா எனக்கு மத்தியானத்துக்குள்ள மறுபடி வறண்டுருது. முகத்துல பரு வர்றவங்க அதை முகத்துக்கு வைக்காதீங்க.

வாசலின் வேற மாதிரி, அது புதுசா ஈரம் குடுக்காது, இருக்குற ஈரம் வெளிய போகாம மூடி போட்ட மாதிரி தடுக்கும், அதனால காஞ்ச தோல்ல பூசுறதை விட குளிச்சு துண்டால ஒத்தி எடுத்துட்டு ஈரம் இருக்கும்போதே ஒரு 3 நிமிஷத்துக்குள்ள தடவிரணும். பிசுபிசுன்னு மணல் ஒட்டும், பகல்ல கஷ்டம்தான். ஆனா வலை இழுத்து வெடிச்ச கை, உதடு, பித்தவெடிப்பு இதுக்கெல்லாம் நான் வாசலின்தான் சொல்வேன், ராத்திரி கால்ல தடவி சாக்ஸ் போட்டு படுங்க. வெடிப்புல ரத்தம் வந்தாலோ சுகர் இருந்தாலோ ரெண்டையும் நம்பி இருக்காம டாக்டர்ட்ட காட்டிருங்க.